டன்ஸ்வேர்த் லண்டனில் இல்லை

இருபத்திரண்டு வருடமும் நான்கு மாதமும். 1981 ஒக்ரோபரில் டன்ஸ்வேர்த் ரயில் நிலையத்தில் இறங்கிய நாளிலிருந்து, 2004 பெப்ரவரியில் ரொறன்ரோவுக்கு விமானம் ஏறிய நாள் வரை, புனிதவதி அந்த ஊரில் வாழ்ந்த காலம் அவ்வளவு. கணவர் சிவபாதம் அவருக்கும் மூன்று வருடம் முன்னதாகவே அங்கே போயிருந்தார். சிவபாதம் இறந்தபோது தமிழ் வானொலியில் போன மரண அறிவித்தல் அந்தக் காலம் முழுவதையும் ஒரு சொல்லில் முடித்துவிட்டது: 'யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும், லண்டன், கனடா ஆகிய இடங்களை வதிவிடமாகவும் கொண்ட சிவபாதம் அவர்கள்...'

டன்ஸ்வேர்த் லண்டனில் இல்லை. லண்டனுக்குப் பக்கத்திலும் இல்லை. இங்கிலாந்தின் நடுப்பகுதியில், லண்டனிலிருந்து ரயிலில் புறப்பட்டு, வழியில் ஒருமுறை இறங்கி மாறி, மூன்று மணி நேரத்தில் போய்ச் சேரவேண்டிய ஊர் அது. மாறவேண்டிய ரயில் பிந்தினால் நாலு மணி நேரம். அது பெரும்பாலும் பிந்தும். ஆனால் யாழ்ப்பாணத்தாருக்கு இங்கிலாந்து என்றாலே லண்டன். ஸ்கொட்லாந்தின் வடக்கு முனையில் குடியிருப்பவரும் லண்டனில்தான் இருக்கிறார். ஊரிலிருந்து வந்த கடிதங்களில் புனிதவதி 'லண்டன் அக்கா'. கனடாவுக்கு வந்தபிறகு 'லண்டன் அன்ரி'. முதல் ஐந்தாறு வருடம் அவர் சந்தித்த ஆட்களையெல்லாம் திருத்திப் பார்த்தார். லண்டன் இல்லை, டன்ஸ்வேர்த் என்பார். "ஓம் ஓம், அது லண்டனிலை எந்தப் பக்கம்?" என்று கேட்பார்கள். ஒருவர், "ஒன்ராரியோவிலை இருக்கிற லண்டனோ?" என்று கேட்டார். அன்றோடு புனிதவதி திருத்துவதை விட்டுவிட்டார்.

மரண அறிவித்தலை எழுதியவர் அருள்நாயகம், சிவபாதத்தின் தம்பி. பழைய மாணவர் சங்கத்தின் செயலாளர், விழாக்களில் ஒலிவாங்கி பிடிப்பவர், செத்தவீடுகளில் யார் எப்போது பேசுவது என்று தீர்மானிப்பவர். அந்த நாட்களில் புனிதவதிக்கு எதையும் வாசித்துப் பார்க்கும் நிலை இல்லை. வாசித்திருந்தாலும் அந்தச் சொல்லைக் கவனித்திருக்கமாட்டார். அவ்வளவுக்குப் பழகிப்போயிருந்தது.

பதினைந்தாம் நாள் அது வேறு விதமாக வந்து இடித்தது. வீட்டில் காய்கறி எதுவும் இல்லாததால் புனிதவதி அஜின்கோர்ட்டில் ஒரு கடைக்குப் போயிருந்தார். முருங்கைக்காயை வளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல்.

"புனிதமக்கா! எவ்வளவு காலம்! சிவண்ணை எப்பிடி இருக்கிறார்?"

சாந்தா. டன்ஸ்வேர்த்தில் நாலு வீடு தள்ளிக் குடியிருந்தவர். அவருடைய கணவர் யோசப்பும் சிவபாதமும் களிமண் குழாய் சுடும் தொழிற்சாலையில் ஒரே சூளையில் வேலை செய்தவர்கள். கனடாவுக்கு வந்தபிறகு இடைக்கிடை கண்டுகொள்வார்கள்; தொலைபேசி இலக்கங்கள் மாறியதில் ஏழெட்டு வருடமாகத் தொடர்பு விட்டுப்போயிருந்தது.

புனிதவதி திரும்பினார். சாந்தா அவருடைய நெற்றியைப் பார்த்தார். கையிலிருந்த பையைக் கீழே வைத்தார்.

"எப்பக்கா?"

"இண்டைக்குப் பதினைஞ்சு நாள்."

"எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே!"

"ரேடியோவிலை போச்சுதே, சாந்தா."

"ரேடியோவிலை ஒரு சிவபாதம் போனது கேட்டனாங்கள். யோசப்பும் பக்கத்திலை இருந்தவர். லண்டன் சிவபாதம் எண்டு சொன்னாங்கள். எங்கடை சிவண்ணை டன்ஸ்வேர்த் எல்லோ, உது ஆரோ வேற ஆள் எண்டு சொல்லிப்போட்டு ரேடியோவை நிப்பாட்டினது நான்தான்."

யோசப்பின் கால் ஒருமுறை குழாய் ஏற்றிய தள்ளுவண்டிக்குக் கீழே அகப்பட்டபோது, வண்டியைத் தூக்கி அவரை வெளியே இழுத்தவர் சிவபாதம். இறுதிக்கிரியை நடந்த மண்டபத்திலிருந்து யோசப்பின் வீடு காரில் எட்டு நிமிடம். அந்த எட்டு நிமிடத் தூரத்தில் அவர் தொலைக்காட்சியில் ஹொக்கி பார்த்துக்கொண்டிருந்தாராம்.

புனிதவதிக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. முருங்கைக்காயைத் திரும்பத் தட்டில் போட்டுவிட்டு, சாந்தாவின் புதிய இலக்கத்தை வாங்கிக்கொண்டு, பஸ் தரிப்பில் நின்றபடியே மைத்துனரை அழைத்தார்.

"தம்பி, கல்வெட்டு எந்த மட்டிலை நிக்குது?"

கல்வெட்டு என்றால் கல் அல்ல. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்கும் சிறு புத்தகம். இறந்தவரின் படம், தேவாரம், இரங்கல் செய்திகள், வம்சாவளி, வாழ்க்கை வரலாறு எல்லாம் அதில் இருக்கும். முந்நூறு பிரதி அடிப்பார்கள். அதை யாரும் முழுதாக வாசிப்பதில்லை, யாரும் எறிவதும் இல்லை. சாமி பாட்டும் செத்தவர் முகமும் உள்ள புத்தகத்தை எப்படிக் குப்பையில் போடுவது? அது அலுமாரி லாச்சிகளில் தலைமுறையாகக் கிடக்கும். நாற்பது வருடம் கழித்து எவராவது சிவபாதம் என்ற மனிதரைத் தேடினால், கையில் அகப்படப்போவது அது ஒன்றுதான். அதிலும் லண்டன் என்று இருந்தால் டன்ஸ்வேர்த்தில் சிவபாதம் வாழவேயில்லை. புனிதவதியும் வாழவில்லை.

சனிக்கிழமை அருள்நாயகம் மாதிரிப் பிரதியோடு வந்தார். புனிதவதியின் வீடு ஸ்காபரோவில் பன்னிரண்டாம் மாடி. மின்தூக்கி பழுதானால் திரும்பிப் போய்விடும் பழக்கமுள்ள மனிதர், அன்று அது வேலை செய்ததால் வந்து சேர்ந்தார். அட்டையில் கோட் அணிந்த சிவபாதம். அவருக்குப் பின்னால் தேம்ஸ் நதி, பெரிய பாலம், மணிக்கூட்டுக் கோபுரம்.

"உந்தப் பாலத்தை இவர் எத்தினை தரம் பாத்தவர் தெரியுமோ? ரெண்டு தரம். ஒருக்கா பாஸ்போட் அலுவலுக்கு. மற்றது உம்மை எயாப்போட்டிலை ஏத்திக்கொண்டு வரேக்கை."

"அது ஒரு அடையாளம், அண்ணி. சனத்துக்கு விளங்கோணும்."

"என்ன விளங்கோணும்?"

அருள்நாயகம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். புனிதவதி ஏழாம் பக்கத்தை எடுத்து உரக்க வாசித்தார். "'இளம் வயதிலேயே லண்டன் மாநகர் சென்று, அங்கு முன்னணி நிறுவனமொன்றில் உயர் பதவி வகித்து...' என்ன உயர் பதவி, தம்பி?"

"கடைசியிலை சுப்பவைசர் மாதிரித்தானே?"

"சூளைக்குள்ளை பைப் அடுக்கினவர். இருபது வருசம் அடுக்கினவர். ஃபக்டரி பூட்டின அண்டும் அடுக்கிப்போட்டுத்தான் வீட்டை வந்தவர்."

"அதை அப்பிடியே போடுறதே, அண்ணி? அதுவும் என்ன பைப்? கக்கூஸ் பைப். சனம் சாப்பாட்டு மேசையிலை வைச்சு வாசிக்கப்போகுது."

"சாப்பிட்ட சனம் பிறகு எங்கை போகும்?"

அருள்நாயகத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது; செத்தவீடு என்பது நினைவுக்கு வந்து அடக்கிக்கொண்டார். "நீங்கள் இப்ப கவலையிலை கதைக்கிறியள்" என்றார் மெதுவாக.

பதினாறு நாட்களாக இதே கதைதான். புனிதவதி என்ன சொன்னாலும் அது கவலை. தேநீரில் சீனி கூட என்றால் கவலை. ஜன்னலைப் பூட்டு என்றால் கவலை. விதவையின் வாயிலிருந்து வரும் எந்த வாக்கியத்துக்கும் இந்தச் சனத்திடம் வேறு அர்த்தமே கிடையாதா?

"நான் கவலையிலை கதைக்கேல்லை. விசரிலை கதைக்கிறன். இவர் எங்கை இருந்தவர், என்ன செய்தவர் எண்டு உதிலை வரோணும். இல்லையெண்டா நான் அந்தியேட்டியிலை ஒருத்தருக்கும் உந்தப் புத்தகத்தைக் குடுக்க விடமாட்டன்."

அருள்நாயகம் யோசித்தார். கூட்டங்களில் தொல்லை தருகிற ஆளை எப்படிச் சமாளிப்பது என்று அவருக்குத் தெரியும். அந்த ஆளிடமே ஒரு பொறுப்பைக் கொடுத்துவிட வேண்டும். "சரி. ரெண்டு பக்கம் விடுறன். நீங்களே எழுதுங்கோ. புதன்கிழமை அஞ்சு மணிக்குள்ளை, உதை அச்சடிக்கிற சுபாங்கியின்ரை கடையிலை குடுத்திட்டால் போதும்."

அண்ணி பிறந்தநாள் அட்டையை விட நீளமாக எதையும் எழுதியதில்லை என்பது அவருக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மகன் கிருபன், ரொறன்ரோவுக்குக் கிழக்கே உள்ள விட்பியிலிருந்து வந்தான். நாற்பது வயது, காப்புறுதி நிறுவனமொன்றில் கணினி வேலை. டன்ஸ்வேர்த் ஆஸ்பத்திரியில் பிறந்து, பதினெட்டு வயதுவரை அங்கேயே வளர்ந்தவன். இங்கே கல்லூரியில் சேர்ந்த முதல் கிழமை அவனுடைய ஆங்கில உச்சரிப்பைக் கேட்டு வகுப்பே சிரித்தது. ஆறு மாதத்தில் அதை மாற்றிக்கொண்டான். அதோடு அந்த ஊரையும் வாயிலிருந்து எடுத்துவிட்டான்.

"அங்கை எழுதுறதுக்கு என்னம்மா இருக்கு? சீரியஸா. ஒரு ஃபக்டரி, ஒரு கனால், மழை. கூகிள் பண்ணிப் பாருங்கோ, மூண்டு லைன்தான் வரும்."

பார்த்தார்கள். மூன்று வரிதான் வந்தது. முதல் வரியில் சனத்தொகை. இரண்டாவதில் 1998 வரை அங்கே கழிவுநீர்க் குழாய் உற்பத்தி நடந்தது என்ற தகவல். மூன்றாவது, எந்தப் பிரிவிலும் நிலைக்க முடியாத உதைபந்தாட்டக் கழகம் பற்றியது.

"ஒண்டும் இல்லாத ஊரிலைதான் நீ பிறந்தனி."

"நான் இங்லண்ட் எண்டுதானே சொல்றனான். அது பொய் இல்லையே."

"வேலையிலை எங்கை இருக்கிறாய் எண்டு கேட்டா என்ன சொல்லுவாய்?"

"ரொறன்ரோ."

"விட்பி எப்ப ரொறன்ரோவுக்குள்ளை வந்தது?"

"கம் ஓன், அம்மா. வெளியிலை இருக்கிறவைக்கு விட்பி எங்கை தெரியப்போகுது?" சொல்லிவிட்டு நிறுத்தினான். பிறகு தானே சிரித்தான். "ஓகே, ஓகே. விளங்குது."

புனிதவதி சிரிக்கவில்லை. "விளங்கினா அந்த ஊர் லைப்ரரியின்ரை நம்பரை எடுத்துத் தா."

டன்ஸ்வேர்த் நூலகத்தில் உள்ளூர் வரலாற்று அறை என்று ஒன்று இருந்தது. செவ்வாயும் வியாழனும், பத்து மணியிலிருந்து ஒரு மணிவரை. அங்கே பத்து மணி என்றால் ஸ்காபரோவில் காலை ஐந்து. செவ்வாய் ஐந்து மணி ஐந்து நிமிடத்துக்கு அழைத்தார். எடுத்தவர் ஒரு வயதான பெண், சம்பளமில்லாமல் வேலை செய்கிறவர். அந்தப் பகுதி வழக்கப்படி, முன்பின் தெரியாத புனிதவதியை 'டக்' என்று அழைத்தார். மளிகைக் கடைக்காரர், பஸ் ஓட்டுநர், மருத்துவத் தாதி எல்லாரும் எல்லாரையும் அங்கே அப்படித்தான் அழைப்பார்கள். வந்த புதிதில், வாத்து என்று தன்னை ஏசுகிறார்கள் என நினைத்து மூன்று மாதம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தவர் புனிதவதி.

பெண் கெட்டிக்காரி. அரை மணி நேரத்தில் ஒரு படத்தைத் தேடி எடுத்து மின்னஞ்சலில் அனுப்பினார். 1998, தொழிற்சாலை மூடிய நாள். ஆறாம் இலக்கச் சூளைக்கு முன்னால் நாற்பத்தொரு தொழிலாளர்கள். பின்வரிசையில் வலது பக்கம் சிவபாதம், கைகளில் சாக்குத் துணி சுற்றியபடி. பக்கத்தில் யோசப். அவருக்கும் பக்கத்தில் ஒரு குள்ளமான இளைஞன். படத்தின் கீழே முப்பத்தெட்டு பெயர்கள் வரிசையாகத் தட்டச்சு செய்யப்பட்டிருந்தன. கடைசியில்: 'பெயர் தெரியாத மூன்று ஆசியத் தொழிலாளர்கள்'.

புனிதவதி திரும்ப அழைத்தார்.

"இருபது வருடம் ஒரே கன்ரீனில் இருந்து சாப்பிட்ட மனிதரின் பெயர் ஒருவருக்கும் தெரியாதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"படத்தின் பின்னால் எழுதியிருந்ததை நான் அப்படியே அடித்தேன், டக். மன்னித்துக்கொள்ளுங்கள். பெயர்களைச் சொல்லுங்கள், இப்போதே எழுதுகிறேன்."

எழுத்தெழுத்தாகச் சொன்னார். சிவபாதத்துக்கு மூன்று தடவை சொல்லவேண்டி வந்தது. யோசப் உடனே முடிந்துவிட்டது. மூன்றாவது ஆள்? புனிதவதி வாயைத் திறந்தார். 'சின்னவர்' என்பதுதான் வந்தது. எல்லாரும் அவரைச் சின்னவர் என்றுதான் கூப்பிட்டார்கள். இரண்டு வருடம் வேலை செய்தவர், ஞாயிற்றுக்கிழமைகளில் இவர்கள் வீட்டில் சாப்பிட்டவர். சாந்தா எழும்பும்வரை காத்திருந்து கேட்டார். சாந்தா தொலைபேசியை யோசப்பிடம் கொடுத்தார்.

"சின்னவர் எண்டுதானே சொல்லுறனாங்கள். வடமராட்சிப் பக்கம். பிறகு ஜேர்மனிக்குப் போனவர்."

"யோசப், பேரைச் சொல்லுங்கோ, பேரை!"

"பேர் ஆருக்கு அக்கா தெரியும்?"

அந்தப் பெண்ணிடம் பாய்ந்ததை நினைக்க, புனிதவதிக்குத் தன்மீதே எரிச்சல் வந்தது.

அன்று முழுவதும் சாப்பாட்டு மேசையில் இருந்து எழுதினார். பதினொரு பக்கம் வந்தது. ஊர் முழுவதும் மூன்று புகைபோக்கிகளுக்குக் கீழே கிடந்தது. களிமண் தோண்டிய பள்ளம் பின்னாளில் குளமானது. 'நீந்தக் கூடாது' என்ற பலகையைப் பையன்கள் பிடுங்கிப் படகாக்கி விட்டார்கள். பழைய நாட்களில் குழாய்க்குப் பளபளப்பு வருவதற்காக எரியும் சூளைக்குள் உப்பை வாரி எறிவார்களாம். அப்போது ஊரில் தோய்த்துக் காயப்போட்ட துணியெல்லாம் நாசமாகுமாம். கிழமையில் எந்த நாள் துணி துவைப்பது என்பதைத் தொழிற்சாலைதான் முடிவு செய்ததாகப் பக்கத்து வீட்டுக் கிழவி சொல்லியிருந்தார். ஒவ்வொரு குழாயின் கழுத்திலும் ஊரின் பெயர் முட்டை வடிவ முத்திரைக்குள் இருக்கும். எத்தனையோ நகரங்களின் நிலத்துக்குக் கீழே அந்தப் பெயர் கிடக்கிறது. நிலத்துக்கு மேலே யாருக்கும் தெரியாது.

தன்னைப் பற்றி எழுத அவர் நினைக்கவில்லை. ஆனால் எழுதாமல் போகவும் முடியவில்லை. ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் பதினாறு வருடம் வேலை செய்தது. காலை ஐந்தே முக்காலுக்கு நாற்பத்துமூன்றாம் இலக்க பஸ். வீட்டு ஜன்னல் கண்ணாடியை யாரோ இரண்டு தடவை கல்லால் உடைத்தது. இரண்டு தடவையும் பக்கத்து வீட்டுக் கிழவி ஒரு வார்த்தை பேசாமல் விளக்குமாற்றோடு வந்து கூட்டியது. மெதடிஸ்த மண்டபத்தில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு. பதினொரு பிள்ளைகள், கையுறையோடு அ, ஆ எழுதினார்கள், ஏனென்றால் மண்டபத்தின் கொதிகலன் நாலு வருடமாகப் பழுது. திருத்துவதாக ஒவ்வொரு தை மாதமும் சொன்னார்கள்.

புதன்கிழமை காலை பதினொரு மணிக்கே சுபாங்கியின் கடைக்குப் போய்விட்டார். பிளாசா ஒன்றில், பல் வைத்தியருக்கும் நகைக்கடைக்கும் இடையில் இருந்தது அந்த அச்சகம். சுபாங்கி முன்பு ஒரு தமிழ் வாரப் பத்திரிகையில் பக்கம் கட்டியவர். நின்றபடி மதியச் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டு, ஒரு கையால் கணினி மவுஸை நகர்த்துகிற ஆள். புனிதவதியைக் கண்டதும் கரண்டியைக் கீழே வைத்தார்.

"அன்ரி, அருள் அங்கிள் நேற்றே அச்சு ஓடச் சொல்லிப்போட்டார். நீங்கள் தரமாட்டியள் எண்டவர்."

மேசையில் அடுக்காகக் கிடந்தன. முந்நூறு பாலம், முந்நூறு மணிக்கூட்டுக் கோபுரம், முந்நூறு உயர் பதவி. இன்னும் கம்பி அடிக்கவில்லை, அவ்வளவுதான்.

புனிதவதி கதிரையில் உட்கார்ந்து மைத்துனரை அழைத்தார்.

"புதன்கிழமை அஞ்சு மணி எண்டு சொன்னது நீர்தானே?"

"அண்ணி, நீங்கள் கஷ்டப்படக் கூடாதெண்டுதான்..."

"நான் இருபத்திரண்டு வருசம் கஷ்டப்பட்டதைத்தான் இஞ்சை எழுதிக்கொண்டு வந்து நிக்கிறன், தம்பி!"

கடையில் காத்திருந்த ஒருவர் திருமண அழைப்பிதழ் மாதிரிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அருள்நாயகம் எதிர்முனையில் சங்கக் கூட்டங்களில் பேசும் குரலில் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். இதற்குள் சுபாங்கி அந்தப் பதினொரு தாளையும் எடுத்து வாசிக்கத் தொடங்கியிருந்தார்.

"எரியிற சூளைக்குள்ளை உப்பை எறியிறதோ? விசித்திரமாயெல்லோ கிடக்கு." இரண்டு தாளைப் புரட்டினார். "அன்ரி, போனை வையுங்கோ. ஒரு வழி இருக்கு."

வழி சுலபமானது. கல்வெட்டு என்பது மடித்த தாள்களை ஒன்றுக்குள் ஒன்று செருகி நடுவில் கம்பி அடிப்பது. நடுவில் இன்னொரு தாளை மடித்துச் செருகினால் நாலு பக்கம் கூடும். அச்சான மற்றத் தாள்களைத் தொடவே தேவையில்லை.

"அட்டை?"

"அட்டை அடிச்சாச்சு. அதை மாத்தினா ஏழாம் பக்கத்தையும் மாத்தோணும், முழுக்கத் திருப்பி ஓடோணும். வாற கிழமை முடியுமட்டும் என்னட்டைக் கலியாண வேலை நிரம்பிக் கிடக்கு. அந்தியேட்டிக்கு முதல் முடியாது."

புனிதவதி பாலத்தைப் பார்த்தார். அப்படியே விட்டால் புத்தகம் தன்னையே மறுத்துப் பேசும். ஏழாம் பக்கத்தில் லண்டனில் உயர் பதவி வகிப்பவர், நடுப்பக்கத்தில் டன்ஸ்வேர்த்தில் குழாய் அடுக்குவார். நிறுத்தினால் முப்பத்தோராம் நாள் கையில் ஒன்றும் இருக்காது; அதன்பிறகு யார் வீடுவீடாகப் போய்க் கொடுப்பது?

"ரெண்டு பக்கம் தாறன் எண்டவர். நாலு கிடைக்குது" என்றார் கடைசியில். "போடும், பிள்ளை."

பதினொரு பக்கத்தை மூன்றாக்க வேண்டியிருந்தது. நாலாவது பக்கம் படத்துக்கு. சுபாங்கி தட்டத்தட்ட வெட்டினார்.

"உந்த பஸ் நம்பர் வேணுமோ?"

"வேணும்."

"மழை ஆறு இடத்திலை வருது, அன்ரி. நாலை எடுக்கட்டோ?"

"அங்கை நீர் இருந்து பாக்கோணும். சரி, எடும்."

"கொதிகலன்?"

"கொதிகலனிலை கை வைச்சீரெண்டா நான் எழும்பமாட்டன்."

படத்தின் கீழே பெயர்கள் போட்டார்கள். மூன்றாவது ஆளுக்கு, 'பெயர் தெரியவில்லை; சின்னவர் என்று அழைத்தோம்' என்று போடச் சொன்னார் புனிதவதி. சுபாங்கி ஒன்றும் கேட்காமல் போட்டார்.

முப்பத்தோராம் நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பந்தி தயாராகப் பிந்தியது. சனத்துக்குச் செய்ய வேலை இல்லை. கல்வெட்டு வழக்கத்துக்கு மாறாக வாசிக்கப்பட்டது. நடப்பதற்கு உதவும் ஊன்றுசட்டத்தோடு வந்திருந்த யோசப் நடுப்பக்கத்தைத் திறந்து, தன் முகத்தின்மீது விரலை வைத்துக்கொண்டு, பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஒவ்வொருவருக்கும் காட்டினார். ஒருவர் ஏழாம் பக்கத்தையும் நடுப்பக்கத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு அருள்நாயகத்திடம் போனார். "ரெண்டும் சரிதான். அது ஒரு காலம், இது ஒரு காலம்" என்று அருள்நாயகம் சொல்வது புனிதவதியின் காதில் விழுந்தது. அவருக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

சாப்பாடு முடிந்து கை கழுவுமிடத்தில் ஒரு மெலிந்த மனிதர் அவரை மறித்தார். துரை. அருள்நாயகத்தின் பள்ளித் தோழர். ஸ்காபரோ முழுவதும் அவரை லண்டன் துரை என்றுதான் அறியும்.

"அக்கா, ஒரு விசயம்." சுற்றுமுற்றும் பார்த்தார். "நானும் லண்டன் இல்லை. கிறிம்ஸ்பியிலை பதினொரு வருசம் மீன் வெட்டினனான்."

"அதுக்கேன் ரகசியமாச் சொல்றியள்?"

"மனுசி அங்கை நிக்கிறா. அவவுக்கும் லண்டன் எண்டுதான் தெரியும். கலியாணம் பேசேக்கை அப்பிடிச் சொன்னது, பிறகு மாத்த நேரம் வரேல்லை."

"எத்தினை வருசமா?"

"முப்பத்தாறு."

புனிதவதி தண்ணீர்க் குழாயைப் பூட்டினார்.

"உதையும் ஆரேன் எழுதோணும் அக்கா. அந்த மீன் சந்தை, அந்தக் குளிர், ஐஸ் பெட்டியள். எனக்கு எழுத வராது."

"எனக்கு மட்டும் வந்ததோ? எனக்கு வேற வேலை இல்லை எண்டு நினைக்கிறியளோ? ஒரு ஆளின்ரை பேர் தெரியாமல் நானே அலைஞ்சுகொண்டு திரியிறன்." கையைத் துடைத்தார். "முதல்லை மனுசிக்குச் சொல்லுங்கோ. சொல்லிப்போட்டு அவவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. இல்லையெண்டா வரவேண்டாம்."

அடுத்த செவ்வாய் டன்ஸ்வேர்த் நூலகம் படத்தின் குறிப்பை மாற்றியது. நாற்பது பெயர்கள், பெயர் தெரியாத ஒருவர். கல்வெட்டில் ஒரு பிரதியை அனுப்பும்படியும் அந்தப் பெண் கேட்டிருந்தார். புனிதவதி அட்டையைக் கழற்றிவிட்டு அனுப்பினார்.

புதன்கிழமை துரை தொலைபேசியில் அழைத்தார். மனைவிக்குச் சொல்லிவிட்டாராம், மனைவி இரண்டு நாளாக அவரோடு பேசவில்லையாம். வியாழக்கிழமை பத்தரை மணிக்கு இருவரும் வருகிறார்கள்.